கொற்கையில் கடல் எங்கே?

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு என்றால் திருநெல்வேலி வீடுகளில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பிவிடும். "திருச்செந்தூருக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோமா?" ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் கடல் பார்க்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. காலையில் முருகன், நாழிக்கிணறு, மத்தியானம் புளியோதரைப் பொட்டலம். தசரா நாட்களாக இருந்தால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவிலில் காளி வேஷம், குறவன் வேஷம் எல்லாம் வேடிக்கை. மறுநாள் தூத்துக்குடி வழியாக, கையில் மக்ரூன் பொட்டலத்தோடு வீடு.

இந்தச் சுற்றில் யாரும் இறங்காத ஊர் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் பழையகாயல், முக்காணி என்று வரும்போது மேற்கே திரும்பினால் சில கி.மீ. தூரத்தில் கொற்கை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் "பாண்டியர் துறைமுகம்" என்று ஒரு மார்க் கேள்வியாக வருமே, அதே கொற்கைதான். ஆசையாகக் கூட்டிப்போன அப்பாக்களுக்கு அங்கே ஒரு சங்கடம் காத்திருக்கும். சுற்றிலும் வாழைத் தோட்டம், வயல், ஒரு குளம், குளத்துக்குள் ஒரு அம்மன் கோவில். பிள்ளை கேட்கும்: "யப்பா, துறைமுகம்னு சொன்னிய, கடலு எங்க?"

கடல் அங்கிருந்து 6, 7 கி.மீ. கிழக்கே போய்விட்டது. எப்போது போனது, ஏன் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொற்கை எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்துவிடுவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கமிருந்து வந்துபோன பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடல் வழிக் குறிப்பு (பெரிப்ளுஸ்) என்று ஒரு கையேடு எழுதினார். எந்தத் துறைமுகத்தில் என்ன சரக்கு வாங்கலாம், என்ன விற்கலாம் என்று சொல்லும் புத்தகம். இன்றைய ஏற்றுமதிக் கைடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொற்கை "கொல்கி" என்று வருகிறது. குமரி தாண்டி வந்தால் கொல்கி, பாண்டிய மன்னனுக்குச் சொந்தம், முத்துக்குளிப்பு நடக்கும் இடம் என்கிறார். கூடவே போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார். முத்துக்குளிக்க இறக்கப்படுகிறவர்கள் தண்டனை பெற்ற கைதிகள்!

இதைப் படித்துவிட்டு நம் முத்துப் பெருமையை யோசித்துப் பாருங்கள். ரோமாபுரிச் சீமாட்டிகள் கழுத்தில் போட்ட முத்துக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போன கைதி ஒருவன் இருந்தான். நாம் மேடையில் பேசும்போது ரோமாபுரியைச் சொல்கிறோம், கைதியை விட்டுவிடுகிறோம். அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொற்கையைக் குறிப்பிட்டார். மன்னார் வளைகுடாவுக்கே இந்த ஊர் பெயரை ஒட்டித்தான் அந்தக் காலத்தில் பெயர்.

நம் பக்கத்துச் சாட்சிகளும் உண்டு. மதுரைக்காஞ்சி கொற்கை முத்தைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவி சிலம்பில் முத்து. கதையே அந்த வித்தியாசத்தில்தான் திரும்புகிறது (பாண்டிய அரண்மனையில் முத்து இல்லாமல் வேறு என்ன இருக்கும்!). நெடுஞ்செழியன் இறந்தபிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பத்தினிக்குப் பலி கொடுத்தான் என்றும் சிலம்பு சொல்கிறது. இன்று கொற்கைக் குளத்தில் இருக்கும் அம்மனுக்குப் பெயர் வெற்றிவேல் செழிய நங்கை. ஊரில் இன்னொரு பழைய கோவிலின் பெயரில் "அக்கசாலை" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம், பொன்வேலை நடக்கும் இடம். கதைக்கும் ஊருக்கும் நடுவே எவ்வளவு உண்மை என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் பெயர்கள் சும்மா வந்து உட்காரவில்லை.

மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் (ஆமாம், ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்) 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆட்களை வைத்துத் தோண்டினார். மண்ணுக்கு அடியில் கடல் சிப்பிகள் கிடைத்தன. 1881-ல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி மரியாதை உண்டு. பிறகு 1968-69ல் தமிழ்நாடு தொல்லியல் துறை முறையாக அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரித்துண்டைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்தபோது வந்த காலம் ஏறத்தாழ கி.மு. 785. அதாவது பெரிப்ளுஸ்காரர் வருவதற்கு 800 வருஷத்துக்கு முன்பே அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. 2021-ல் ஆதிச்சநல்லூர், சிவகளையோடு சேர்த்துக் கொற்கையிலும் மறுபடி குழி போட்டார்கள். செங்கல் கட்டுமானமும் சங்கு வளையல்களும் வந்தன. அதே வருஷம் சிவகளைத் தாழியில் இருந்த நெல்மணிக்குக் கி.மு. 1155 என்று காலம் வந்ததும் செய்தித்தாள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கொற்கை மறுபடியும் ஒரு மார்க் கேள்வி ஆகிவிட்டது.

சரி, கடலுக்கு வருவோம்.

கொற்கை அழிந்த கதையைக் கேட்டால் பலரும் "கடல் கொண்டுபோச்சு" என்பார்கள். பூம்புகார்க் கதையையும் குமரிக்கண்டக் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், எந்தப் பழைய துறைமுகம் என்றாலும் கடல்கோள்தான் ஞாபகத்துக்கு வரும். கொற்கையில் நடந்தது நேர் எதிர். கடல் உள்ளே வரவில்லை, வெளியே போனது. போகவைத்தது வேறு யாருமில்லை, தாமிரபரணி.

பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கி.மீ. மட்டுமே ஓடிக் கடலில் சேரும் ஆறு இது. ஓட்டம் சின்னதுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் வண்டலும் வரும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்துவாரத்தில் மண் படிந்து படிந்து, கரை கிழக்கே நகர்ந்தது. எந்த அரசன் காலத்திலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தாத்தா காலத்தில் கப்பல் நின்ற இடத்தில் பேரன் காலத்தில் படகு மட்டும் வந்திருக்கும். அதற்கடுத்த பேரன் அங்கே நாற்று நட்டிருப்பான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை விளைவதும் இதே ஆற்றின் கடைசி வண்டலில்தான். துறைமுகத்தைக் கெடுத்த மண்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்கு உரம்.

ஊர் நின்றுவிட்டது, ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. சரக்கு கடலில் இருக்கிறது; கடை எங்கே இருந்தால் என்ன? கடல் போன திசையிலேயே கடையும் போனது. அடுத்த துறைமுகம் காயல், இன்றைய பழையகாயல் பக்கம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ "கயில்" என்று எழுதியது இந்த ஊரைத்தான் என்று அடையாளம் சொன்னவர் கால்டுவெல்.

மார்க்கோ போலோவின் கணக்கு காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரவாதிகளுக்கு! சுறாமீன் கடிக்காமல் இருக்க வாயைக் கட்டும் மந்திரம் போடுகிறவர்கள் இவர்கள். மந்திரம் பகலில் மட்டும்தான் வேலை செய்யும், ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம். ஏன் தெரியுமா? ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்க இறங்கக் கூடாது என்று. சுறாவையே வாட்ச்மேன் ஆக்கியிருக்கிறார்கள். இப்படிச் சம்பாதித்த பணம் எங்கே போனது? குதிரைக்கு. அரேபியாவிலிருந்து வருஷா வருஷம் குதிரை இறக்கினார்கள். வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போக, அடுத்த வருஷமும் வாங்கினார்கள். முத்து வெளியே, குதிரை உள்ளே, குதிரை சாவு, மறுபடி முத்து வெளியே. பாண்டிய நாட்டின் அந்நியச் செலாவணி இப்படித்தான் கரைந்தது.

காயலையும் வண்டல் விடவில்லை. கடலை ஒட்டிப் புன்னைக்காயல் எழுந்தது. 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவி, போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பில் வந்தபிறகு இந்தக் கரையில் முத்து வியாபாரம் அவர்கள் கைக்குப் போனது. புன்னைக்காயலில் பல வருஷம் இருந்த அன்றீக் அடிகளார் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் தூத்துக்குடியில்தான். இந்தக் காலங்களை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூத்துக்குடி தாமிரபரணியின் முகத்துவாரத்தை விட்டு விலகி வடக்கே நிற்கிறது. கொற்கைக்கும் காயலுக்கும் நடந்தது அதற்கு நடக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்துக்கு, கடலுக்குள் சுமார் 4 கி.மீ. வரை கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள்.

ஊர் மாறினாலும் பெயர் பின்னாலேயே வந்தது. ஜோ டி குரூஸ் எழுதிச் சாகித்ய அகாதமி பரிசு (2013) வாங்கிய நாவலின் பெயர் 'கொற்கை'. கதை நடப்பது தூத்துக்குடியில்!

முத்து என்ன ஆனது? முத்துச்சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் "பார்" என்பார்கள். எல்லா வருஷமும் சிப்பி இருக்காது. பல வருஷம் வெறுமையாகக் கிடக்கும், திடீரென்று நிறையும். கடைசியாக 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கரையில் சிப்பிகளைக் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. சுத்தமான லாட்டரி. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே இல்லை. 1973-ல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள், ஆனால் பழைய ஏலச் சந்தை திரும்பி வரவில்லை.

அந்தக் கடலின் ஒரு பகுதி இன்று தேசியப் பூங்கா. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரமாகக் கிடக்கும் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கி.மீ. பரப்பை 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறை, கடற்புல், கடற்பசு எல்லாம் உள்ள இடம்.

21 தீவு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எண்ணிப் பார்த்தால் இரண்டு குறையும். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருந்த விலாங்குசல்லியும் கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் வேண்டுமென்று பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை, மணல்தீவு கரைந்துவிட்டது. 1969-ல் சுமார் 20 எக்டேர் இருந்த கரியாச்சல்லித் தீவு, 2018 வாக்கில் 6 எக்டேர்கூட இல்லை.

கொற்கையிலிருந்து கடல் 6, 7 கி.மீ. விலக நூற்றாண்டுக் கணக்கில் ஆனது. ஆறு ஒவ்வொரு கூடை மண்ணாகச் சுமந்தது. இந்தத் தீவுகளைக் கரைக்க மனிதருக்கு ஒரு தலைமுறை போதுமாக இருந்தது. "கடல் கொண்டுபோச்சு" என்பது கொற்கையை விட விலாங்குசல்லிக்குத்தான் பொருந்தும், அதிலும் கடல் வெறும் கடைசி ஆள்.

2004 சுனாமிக்குப் பிறகு, பாறை இருந்த இடத்தில் அலையின் வேகம் குறைந்ததை மீனவர்களே பார்த்தார்கள். 2005 வாக்கில் பாறை வெட்டுவது நின்றது. 2015-லிருந்து வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள், தீவு மேலும் கரைவது மட்டுப்பட்டது. இப்போது கரியாச்சல்லிக்கும் அதே சிகிச்சைக்குத் திட்டம் வந்திருக்கிறது.

லீவுக்கு இந்தத் தீவுகளுக்குப் போகலாமா என்று கேட்டால், வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டப் பக்கம் வனத்துறையே படகில் கூட்டிப்போய்க் காட்டும் இடங்கள் உண்டு. காணும் பொங்கலுக்குத் தூத்துக்குடிக் குடும்பங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் முயல் தீவு இந்த 21-ல் சேராது. அது துறைமுகத்தை ஒட்டித் தரையோடு இணைந்த இடம். பூங்காவில் இருக்கும் முயல் தீவு மண்டபம் பக்கம் வேறு. கொற்கைக்கு அனுமதி எதுவும் வேண்டாம். ஏரலிலிருந்தும் போகலாம், முக்காணிப் பக்கமிருந்தும் போகலாம். குளக்கரையில் செழிய நங்கை, ஊருக்குள் ஒரு பழைய வன்னி மரம், அக்கசாலைக் கோவில். தோட்டத்தில் யாராவது வாழைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நின்று, தூர்வாரிப் போட்ட மண்ணைப் பாருங்கள். சிப்பி கிடந்தாலும் கிடக்கும்.