அரபிக் கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு

அரபிக் கடலில் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் காற்றின் பருவத்தையும் விண்மீன்களின் போக்கையும் நன்கறிந்திருந்தனர். கரையோர ஆழத்தை, கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கி அளந்தனர். நடுக்கடலின் அடிக்கு அக்கயிறு எட்டவில்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலேயக் கப்பலிலும் அதே முறைதான்; கயிறுதான் மிக நீண்டது. ஓரிடத்து ஆழத்தை அறியவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே கடலடி சமவெளியாகவே இருக்கும் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஒலி அந்நிலையை மாற்றியது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் மோதி நான்கு நொடியில் திரும்பினால், போகவும் வரவும் இரண்டிரண்டு நொடி. ஆழம் 3,000 மீட்டர். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்துவிடலாம். 1925–27இல் ஜெர்மானியரின் 'மீட்டியோர்' கப்பல் தென் அட்லாண்டிக்கை இம்முறையில் அளந்து, அதன் நடுவே நீண்டோடும் மலைத்தொடரின் வடிவைக் காட்டியது.

அரபிக் கடலில் இப்பணியைச் செய்த கப்பலைப் பற்றி நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. அதன் பெயர் 'மபாஹிஸ்'. அரபியில் ஆய்வுகள் என்று பொருள். எகிப்து அரசுக்குச் சொந்தமான அக்கப்பல் 1933 செப்டம்பரில் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டு, 1934 மே மாதம் திரும்பியது. செலவுக்கான பணம், சாலஞ்சர் பயணத்தில் பங்குகொண்ட ஜான் முர்ரே விட்டுச் சென்ற நிதி. தலைமை ஏற்றவர் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராயிருந்த ஸீமோர் ஸ்யூவெல் என்னும் ஆங்கிலேயர். இதை மறைத்துவிட்டு முழுப் புகழையும் நம்மவர்க்கே உரிமையாக்குவது முறையன்று. நம் ஏடுகளில் அப்பழக்கம் உண்டு. ஆனால் கப்பல் எகிப்தினுடையது. மாலுமிகளில் பெரும்பாலோர் எகிப்தியர். அறிவியலாளர் குழுவில் அப்துல் ஃபத்தாஹ் முஹம்மது, ஹுஸைன் ஃபவ்ஸி என்னும் இருவர் எகிப்தியர் என்பதையும் மறைக்கக் கூடாதல்லவா? கப்பலின் மருத்துவராகவும் பணியாற்றிய ஃபவ்ஸி பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். அவர் தம் கடற்பயண நூலுக்கு இட்ட பெயரே இக்காலச் சிந்துபாத் என்னும் பொருளுடையது.

அரபிக் கடலடியில் ஒரு மலைத்தொடர் உண்டென்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டென்மார்க்கின் 'டானா' கப்பல் கண்டிருந்தது. அதற்குப் பொருளுதவி செய்த அறக்கட்டளையின் பெயரால் அது கார்ல்ஸ்பெர்க் தொடர் எனப்பட்டது. (அவ்வறக்கட்டளையை நிறுவியவர் மது வடிக்கும் தொழிலதிபர், பெயரை மாற்ற நமக்கு வழியில்லை!) மபாஹிஸ் அதன் மேலே குறுக்கும் நெடுக்கும் சென்று எதிரொலி கேட்டபோது, தொடரின் நடுமுதுகு ஆழமான ஒரு பள்ளத்தாக்கால் பிளவுண்டிருப்பது தெரிந்தது. அது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கை ஒத்திருப்பதாக ஸ்யூவெலும் வைஸ்மன் என்பாரும் 1937இல் எழுதினர். உண்மையின் வாயில்வரை வந்துவிட்டனர், கதவு திறக்கவில்லை.

1952இல் அமெரிக்காவில் மேரி தார்ப் என்னும் பெண்மணி எதிரொலி அளவுகளைக் கொண்டு அட்லாண்டிக் தொடரிலும் அத்தகைய பள்ளத்தாக்கைக் கண்டார். உடன் பணியாற்றிய ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிப் பின்னர் ஏற்றார். 1962இல் ஹாரி ஹெஸ் விளக்கம் தந்தார்: அப்பிளவின் வழியே உருகிய பாறை மேலெழுந்து புதுத் தரையாகிறது, பழைய தரை இருபுறமும் விலகுகிறது.

சான்று வேண்டுமே! அது கிடைத்தது மீண்டும் அதே கார்ல்ஸ்பெர்க் தொடரில்தான். 1962இல் 'ஓவன்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் அங்கே காந்த அளவுகளை எடுத்தது. பாறை குளிர்ந்து இறுகும்போது அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். அத்திசையோ காலந்தோறும் தலைகீழாக மாறிவந்துள்ளது. ஆகவே விரியும் தரையில், பிளவின் இருமருங்கும் மாறிமாறி வரும் காந்தப் பட்டைகள் இருத்தல் வேண்டும் என்று ஃப்ரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963இல் எழுதி, அவ்வளவுகளைச் சான்றாகக் காட்டினர். கார்ல்ஸ்பெர்க் தொடரில் இன்றும் கடல்தரை ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் விரிகிறது.

அப்பிளவு ஏடன் வளைகுடா வழியே செங்கடலுக்குள் புகுகிறது. அங்கே அரபுத் தீபகற்பம் ஆப்பிரிக்காவை விட்டு மெல்ல அகன்றுகொண்டிருக்கிறது. அச்செங்கடலின் வடபகுதியிலுள்ள ஓர் ஆழ்பள்ளத்துக்கு, அன்று அவ்வழியே சென்ற எகிப்தியக் கப்பலின் நினைவாக, மபாஹிஸ் என்ற பெயர் வழங்குகிறது.