நெகிழ்வட்டில் உறங்கும் தோட்ட வரலாறு

பேராக் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு ஈப்போ நகரத்துக் கட்டடங்களினும் மறைந்துபோன இரப்பர்த் தோட்டங்களே பெரிதும் வேண்டப்படுவன. 1877-இல் கோலகங்சாரில் நடப்பெற்ற கன்றுகளுக்குப் பின் பரவிய இம்மாநிலத் தோட்டங்களுட் பல, இன்று செம்பனைக் காடாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பிரிந்து சென்றனர். எஞ்சியவை கோயிலும் பள்ளியும் வெளியிட்ட மலர்களே.

1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பின்னர்த் தமிழ் அச்சுப்பணி மெல்ல மெல்லக் கணினிக்கு மாறிற்று; குடமுழுக்கு மலர்களும் பள்ளி மலர்களும் ஈயவெழுத்தை விட்டு நெகிழ்வட்டில் ஏறின. அச்சுப்படி கறையானுக்கு இரையான இடத்து அவ்வட்டே ஒரே சான்றாகவும் இருக்கலாம். ஆனால் அதனைப் படிக்கும் பொறி எங்கே?

மூன்றரை அங்குல வட்டாயின், யூஎஸ்பி வழி இணையும் இயக்கியே பெரும்பாலும் போதும். எனினும் பழைய மெக்கின்டாஷில் எழுதிய 800 கிலோபைட் வட்டை அது படியாது. உள்வட்டத்தில் ஒரு வேகமும் வெளிவட்டத்தில் வேறொரு வேகமுமாகச் சுழன்று எழுதப்பட்டது அது. 1976-இல் தோன்றிய ஐந்தேகால் அங்குல வட்டுக்கோ யூஎஸ்பி இயக்கி பயன்படாது. ஆதலின், தள்ளிய கணினி ஒன்றிலிருந்து அவ்வளவு இயக்கியைக் கழற்றி, காந்தப் பதிவை அப்படியே படியெடுக்கும் கிரீஸ்வீசல் என்னும் சிறு பலகையோடு இணைத்தல் வேண்டும். மூன்றரை அங்குல இயக்கியோடு இணைத்தால் இப்பலகை மெக்கின்டாஷ் வட்டுக்கும் உதவும். முழுக் கணினியைத் தேடி அலைவதினும் ஓடும் இயக்கி ஒன்றைத் தேடுவதே தக்கது என்பது நம் கருத்து.

நம் நாட்டு ஈரக்காற்றில் வட்டிற் பூஞ்சை படர்வது இயல்பு. அதனைத் துடையாது செருகினால் படிமுனை அழுக்கேறி, அடுத்து வரும் நல்ல வட்டும் கீறுபடும்.

இத்துணையும் செய்து கோப்பை எடுத்தாலும் திரையில் தோன்றுவது தமிழன்று, பொருளற்ற குறிகளே! 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. அதற்கு முன்னர் மென்பொருள்தோறும் எழுத்தின் எண் வேறு. ஒன்றிற் ககரத்தைக் குறித்த எண் மற்றொன்றில் றகரத்தைக் குறிக்கலாம். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தும் அந்நாளைய அச்சகத்தார் அதனைக் கையாளவில்லை. ஆகவே எழுத்துருக் கோப்பையும் உடன் தேடுதல் இன்றியமையாதது. அது கிட்டாவிடின், அச்சிட்ட மலரின் ஒரே பக்கம் அகப்பட்டாலும் போதும். கல்வெட்டாய்வோர் அறிந்த எழுத்தைக்கொண்டு அறியாததைக் காண்பதுபோலக் குறியையும் எழுத்தையும் ஒப்புநோக்கி அட்டவணையை மீட்கலாம். வட்டின்மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்தெறியற்க. எழுத்துருவின் பெயரைச் சிலர் அங்கேதான் எழுதி வைப்பர்.