வீடு முளைக்கும் தீவு

எக்ஸ்-மென் காமிக்ஸை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த முதல் இதழ் என்பார் ஒருவர், 1980இன் டார்க் பீனிக்ஸ் கதை என்பார் இன்னொருவர். நான் சொல்வது: தீவுகளைப் பிடித்துக்கொண்டு போங்கள். அறுபது வருடத்தில் எழுத்தாளர்கள் மாறினார்கள், குழு மாறியது, செத்தவர்கள் கூச்சமில்லாமல் திரும்பி வந்தார்கள். தீவு மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் வளர்ந்தவனுக்கு அது கண்ணில் படத்தானே செய்யும்?

ஆரம்பத்தில் தீவு இல்லை, பள்ளிக்கூடம்தான். பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்களை உலகம் வெறுக்கிறது. பேராசிரியர் சேவியர் அவர்களை நியூயார்க் பக்கம் ஒரு மாளிகையில் வைத்துப் பயிற்றுவிக்கிறார். விற்பனை சுமார். 1970இல் 66ஆம் இதழோடு புதுக்கதை நின்றுபோய், ஐந்து வருடம் மறுபதிப்பில் ஓட்டினார்கள். 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் அதை உயிர்ப்பித்தார்கள். பழைய குழு ஒரு தீவில் மாட்டிக்கொள்ள, மீட்பதற்குக் கென்யா, சைபீரியா, ஜெர்மனி, ஜப்பான் என்று உலகமெங்கும் ஆள் திரட்டுகிறார் சேவியர். அந்தத் தீவின் பெயர் கிராக்கோவா. தீவே ஒரு மிருகம், வந்தவர்களைத் தின்னும். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துக் கதையை வாங்கிய கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை விடவில்லை. 1985இல் அவர் உருவாக்கிய மாட்ரிபூர் நம் பக்கத்துக் கடலில்தான் இருக்கிறது. மேலே ஹைடவுன், பணக்காரக் கோபுரங்கள். கீழே லோடவுன், கடத்தல்காரர்களும் மதுக்கடைகளும். பெயரில் உள்ள 'பூர்' எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? வோல்வரின் அங்கே ஒற்றைக்கண் பட்டையோடு திரிவார், யாருக்கும் அடையாளம் தெரியாதாம்! ரசித்துப் படிக்கலாம். ஆனால் அது சுற்றுலாப் பயணி பார்த்த ஆசியா, அவ்வளவுதான்.

அதே கிளேர்மான்ட் 1988இல், 235ஆம் இதழிலிருந்து எழுதிய ஜெனோஷா வேறு ரகம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு செழிப்பான தீவு நாடு. குற்றம் இல்லை, வறுமை இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். மியூட்டன்ட் என்று தெரிந்தால் அரசுக்கு எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதற்கேற்ப உடலையே மாற்றிவிடுவார்கள். பெயர் போய் எண் வரும், வாழ்நாள் முழுக்க அடிமை. அன்றைய தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

நான் அதைப் படித்தது விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பிராஸ் பாசா. 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைதிகளின் சிறை அங்கேதான் இருந்தது. 1825இல் பென்கூலனிலிருந்து வரத் தொடங்கியவர்கள். வங்காளம், சென்னை மாகாணங்களில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் சட்டம் 1849 வரை இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகள் கட்டியவை. 1858இல் சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்களுக்கென்று செங்கல் சூளையே போட்டார்கள். இன்று ஜெனோஷா இங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'இந்த ஊரை யார் கட்டினார்கள்?' என்று அந்தக் கதை கேட்கிறது. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கேட்காத கேள்வி அது.

2001இல் கிராண்ட் மாரிசன் ஜெனோஷாவை ஒரே இதழில் அழித்தார். அதற்குள் அது மியூட்டன்ட்களின் நாடாகியிருந்தது, 1 கோடியே 60 லட்சம் பேர் செத்தார்கள். 2009இல் சான் பிரான்சிஸ்கோ கடலில் யுடோப்பியா என்று ஒரு தீவு, அதுவும் நிலைக்கவில்லை.

2019இல் ஜோனதன் ஹிக்மன் கிராக்கோவாவுக்கே திரும்பினார். ஆளைத் தின்ற தீவு இப்போது மியூட்டன்ட்களின் சுதந்திர நாடு. மனிதருக்கு ஆயுளைக் கூட்டும் மருந்தைக் காட்டி உலக நாடுகளிடம் அங்கீகாரம் வாங்குகிறார்கள். இயற்கை வளத்தை நம்பாமல், உலகத்துக்குத் தேவையானதாக ஆகிப் பிழைத்துக்கொள்ளும் சின்னத் தீவு. இங்கே பள்ளிக்கூடச் சமூகவியல் புத்தகம் படித்த யாருக்கும் சிரிப்பு வரும். தனி மொழியும் உண்டு, அதை நேராக மூளையில் ஏற்றிவிடுவார்கள். நம் தமிழ்மொழி விழாக் குழுவுக்கு அந்த வசதி கிடைத்தால் விடுவார்களா! நடுநடுவே வரைபடம், அட்டவணை வேறு. எஞ்சினியர் மனசு லயித்துப் படித்தேன்.

ஒன்றுதான் உறுத்தியது. கிராக்கோவாவில் வீடு முளைக்கிறது. விதை போட்டால் போதும், தீவே வீட்டை வளர்த்துத் தரும். சிமென்ட் சுமக்க ஆள் வேண்டாம். மியூட்டன்ட் யாராவது கூட்டிப்போனால் ஒழிய மனிதர் வாசல் தாண்டவும் முடியாது. 1988இல் கேட்ட கேள்வியை 2019இல் ஒரு செடி வந்து அழகாக மூடிவிட்டது. இங்கேயே சிவில் படித்து இங்கேயே கட்டுமானத்தில் இருப்பவன் நான், எனக்கு அது பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எங்கள் சைட்டு அண்ணன் ஒருத்தரைப் பார்த்தேன், புதுக்கோட்டைக்காரர். ஊருக்குப் பணம் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வீடு தானா முளைச்சுச்சுன்னா எங்களுக்கு அங்க என்ன சார் வேலை?"

"வேலையே இல்லண்ணே. உள்ளேயே விட மாட்டாங்க."

"அப்ப அந்த ஊரு நமக்குச் சரிப்படாது," என்று சொல்லிவிட்டு அடுத்த டீக்குக் கை காட்டினார்.

ஹிக்மன் பாதியிலேயே விலகிவிட்டார். மற்றவர்கள் தொடர்ந்து, 2024 ஜூனில் பழைய கணக்குப்படி 700ஆம் இதழோடு கிராக்கோவாவை முடித்தார்கள். இப்போது சைக்ளாப்ஸின் குழு அலாஸ்காவில், ஒரு பழைய தொழிற்சாலையில் குடியிருக்கிறது. அதன் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று பார்க்கத்தான் அடுத்த தொகுப்புக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.