வெயில், கழிவுநீர், உழைப்பு: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில் ஆற்றல் ஓட்டமும் ஊட்டச்சத்துச் சுழற்சியும்

1. சிக்கல்

ஆற்றல் ஒருவழியாக ஓடுகிறது, பொருள் சுழல்கிறது என்று சூழலியல் பாடநூல்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். முதல் கூற்று வெப்ப இயக்கவியலின் விதி. அதற்கு விலக்கு இல்லை. இரண்டாவது கூற்றுக்கு அந்த வலிமை கிடையாது. நைட்ரஜன் அணு அழியாது என்பது மெய். எடுத்த இடத்துக்கே அது திரும்பி வரும் என்று எந்த இயற்பியல் விதியும் உறுதி சொல்லவில்லை. நெல்மணியோடு வயலை விட்டுக் கிளம்பிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் நகரத்தில் உண்ணப்பட்டு, கழிவறை வழியாகக் கடலைச் சேர்ந்துவிட்டால், வயலைப் பொறுத்தவரை அது இழப்புதான். நிலவியல் காலத்தில் அது திரும்பலாம். உழவருக்கு அதனால் பயனில்லை.

தமிழகத்து வேளாண்மை இதை நன்றாக அறிந்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டதும், கோடையில் ஏரி வண்டலை வண்டிகட்டி வயலுக்கு அடித்ததும் வெளியேறிய ஊட்டத்தை மீட்கும் வேலைகளே. அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தவரை சுழற்சி இருந்தது. கிராம அளவில் நடந்த இந்த மீட்பைப் பெருநகர அளவில் நடத்திக்காட்டும் இடம் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். அங்கே ஊட்டச்சத்துச் சுழற்சி மனித உழைப்பால் நடைபெறுகிறது என்பதும், மீன் விளைச்சல் அந்த உழைப்புக்கான கூலி என்பதும், ஆகவே பாதுகாப்புச் சட்டங்கள் நிலப்பரப்போடு நின்றுவிடாமல் நீரோட்டத்தையும் தொழிலையும் காக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ஆறு செத்த பிறகு

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளிக் கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரின் வடிகால்கள் ஹூக்ளிக்கு முதுகுகாட்டி, கிழக்கே உவர்ஏரிகளையும் வித்யாதரி ஆற்றையும் நோக்கித் திருப்பப்பட்டன. அந்த ஏரிகளில் அன்று வித்யாதரி வழியே கடலின் ஏற்றவற்றம் வந்துபோனது. வித்யாதரி வண்டல் படிந்து தூர்ந்து, 1928இல் செத்த ஆறாக அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வரத்து நின்ற ஏரிகளுக்கு நகரின் கழிவுநீரே நீர்வரத்தாயிற்று. அதைக் கெண்டை வளர்ப்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்த மீன்வளர்ப்போர் கண்டுகொண்டார்கள். பின்னர், மாநகராட்சிப் பொறியாளர் பி. என். தே வகுத்த திட்டப்படி கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் கால்வாய்கள் குல்ட்டி ஆற்றுவரை வெட்டப்பட்டன. பான்தலா மதகில் நீர்மட்டம் உயர்த்தப்பட்டதால், பம்பு இல்லாமலே குளங்களுக்குள் கழிவுநீர் பாய வழி பிறந்தது.

கழிவுநீரைத் தூய்மையாக்கும் இந்த அமைப்பை எந்த அரசுத் துறையும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. 1980களில் நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிச் சென்ற மாநில அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ், தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டாத வகையில் அந்த வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைக் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். அதற்குள் ஈரநிலத்தின் ஒரு பெரும்பகுதி போய்விட்டிருந்தது. 1960களில் ஹூக்ளி வண்டலைக் குழாய்வழியே கொண்டுவந்து கொட்டி எழுப்பியதே இன்றைய சால்ட் லேக் நகர்.

3. குளத்துக்குள் நடப்பது

வங்காளத்தில் ‘பேரி’ எனப்படும் இந்த மீன்குளங்கள் ஆழமற்றவை. பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர்வரைதான் நீர் நிற்கும். அடிவரை வெயில் எட்டுவதற்கு இந்த ஆழமின்மையே காரணம். குளிர்காலத்தில் குளத்தை வடித்து, சேற்றை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு இட்டபின் கழிவுநீரை முதல்முறை விடுகிறார்கள். நீர் பச்சை பிடிக்கும்வரை சில வாரங்கள் அதைச் சும்மா விட்டுவைத்து, பிறகே மீன்குஞ்சுகளை விடுகிறார்கள். அதன்பின் நீரின் நிறம், மணம், மீனின் நடமாட்டம் இவற்றைப் பார்த்து, விட்டுவிட்டுக் கழிவுநீர் சேர்க்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பின்போது நிகழ்வதை இரண்டு சங்கிலிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது மட்குச் சங்கிலி: கழிவிலுள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன, அதற்கு ஆக்சிஜன் செலவாகிறது, அம்மோனியாவும் பாஸ்பேட்டும் விடுபடுகின்றன. இரண்டாவது மேய்ச்சல் சங்கிலி: அந்த ஊட்டத்தையும் வெயிலையும் கொண்டு தாவர மிதவையுயிரிகள் பெருகுகின்றன; ஒளிச்சேர்க்கையில் அவை வெளியிடும் ஆக்சிஜன் பாக்டீரியாக்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மின்மோட்டார் காற்றை ஊதிச் செய்யும் பணியை இங்கே பாசிகள் செய்கின்றன. மின்கட்டணத்தின் இடத்தில் வெயில் நிற்கிறது. கழிவுநீர் பெரும்பாலும் ஊட்டத்தைத் தருகிறது. அமைப்பை ஓட்டும் ஆற்றல் சூரியனுடையது.

பாசி அளவு மீறிப் பெருகினால் அதுவே கேடு. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதை உண்கிறது. விடியுமுன் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறப்பது அதனால்தான். பாசி கூட்டமாக மடிந்தால் குளமே அழுகிவிடும். அதை மேய்ந்து இளமையாக வைத்திருப்பது மீன். வெள்ளிக் கெண்டை தாவர மிதவையுயிரிகளையும், கட்லா மேல்நீரில் விலங்கு மிதவையுயிரிகளையும் உண்கின்றன; ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிச்சேற்று மட்கிலும் இரை தேடுகின்றன. தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்று அறியப்படும் திலேப்பியா கிடைத்ததையெல்லாம் தின்கிறது. ஒரே குளத்தின் பல அடுக்குகளையும் ஒரே காலத்தில் அறுவடை செய்யும் ஏற்பாடு இது.

இந்த மீன் தேர்வின் பொருளாதாரம் லிண்டெமன் காட்டிய கணக்கில் இருக்கிறது. மினசோட்டாவின் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்து ரேமண்ட் லிண்டெமன் எழுதி, அவர் மறைந்த 1942ஆம் ஆண்டிலேயே வெளிவந்த கட்டுரை, உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பங்கு மூச்சாகவும் வெப்பமாகவும் கழிவதை நிறுவியது. படிக்குப் படி பத்தில் ஒரு பங்கே மிஞ்சும் என்பது பின்னர் பரவிய தோராயம். பாசியை நேரடியாகத் தின்னும் மீனுக்கு 1000 அலகில் 100 கிடைக்குமானால், அந்த மீனைப் பிடித்துத் தின்னும் விராலுக்குக் கிடைப்பது 10. கொல்கத்தாச் சந்தையில் மலிவாகக் கெண்டை கிடைப்பதற்கு அருகாமை ஒரு காரணம், குறுகிய சங்கிலி இன்னொரு காரணம்.

4. நைட்ரஜன் கணக்கு

இவ்வமைப்பைப் புகழ்ந்து எழுதுவோர் நகரத்தின் கழிவு முழுதும் மீனாகிவிடுகிறது என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. நகரிலிருந்து கிழக்கே வரும் கழிவுநீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கோடி லிட்டர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் நைட்ரஜன் என்று எடுத்துக்கொள்வோம். நகர்ப்புறக் கழிவுநீருக்கு இது மிகையான ஊகம் அன்று. நாளுக்கு 22.5 டன், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,200 டன் நைட்ரஜன் வருகிறது. ஆண்டு மீன் விளைச்சலை 10,000 டன் என்றும், மீனின் ஈர எடையில் நைட்ரஜன் 2.5 விழுக்காடு என்றும் கொண்டால், மீனோடு கரையேறுவது 250 டன். அதாவது வந்ததில் 3 விழுக்காடு. விளைச்சல் அதன் இருமடங்கானாலும் 6 விழுக்காடுதான். கழிவுநீரில் மூன்றில் ஒரு பங்கே குளங்களுக்குள் நுழைகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், குளத்துக்குள் வந்த நைட்ரஜனில் மீன் எடுத்துச்செல்வது பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு.

எஞ்சியது பல வழிகளில் பிரிகிறது. ஒரு பகுதி பாக்டீரியாக்களின் நைட்ரேட் நீக்கத்தால் வளிமண்டலம் சேர்கிறது. ஒரு பகுதி அடிச்சேற்றில் தங்கி, தூர்வாரும்போது கரைக்கு ஏறுகிறது. குளங்களிலிருந்து வடியும் நீர் நெல்வயலுக்கும், தாப்பாவின் குப்பைமேட்டுக் காய்கறித் தோட்டங்களைச் சுற்றிய நிலங்களுக்கும் செல்கிறது. மிச்சம் குல்ட்டி வழியே கடலுக்குப் போகிறது. பாஸ்பரஸுக்கு வளிமண்டல வழி கிடையாது. அது சேற்றில் படியும், அல்லது பயிரோடும் மீனோடும் வடியும் நீரோடும் வெளியேறும். ஆக, இது மூடிய வட்டம் அன்று. கசிவுகள் நிறைந்த, ஆனால் கசிவைக் குறைக்கும் அமைப்பு.

இந்தச் சிறிய விழுக்காடு மீனின் முக்கியத்துவத்தைக் குறைக்கவில்லை. அதன் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. இக்குளங்களின் முதன்மை விளைபொருள் தூய்மையடைந்த நீர். அதற்கு நகரம் விலை கொடுப்பதில்லை. மதகைத் திறந்து மூடுபவருக்கும், கரையோரம் ஆகாயத்தாமரையைக் கட்டிவைத்துக் கரையரிப்பைத் தடுப்பவருக்கும், சேறு வாருபவருக்கும் கூலி தருவது மீன். மீன் விலை கட்டுப்படியாகாத நாளில் நீரின் தூய்மையாக்கமும் நின்றுவிடும்.

5. இரண்டு மறுப்புகள்

சுழற்சி நல்லது கெட்டது பார்ப்பதில்லை என்பது முதல் மறுப்பு, அது நியாயமானது. நைட்ரஜன் சுழலும் பாதையில் குரோமியமும் ஈயமும் நோய்க்கிருமிகளும் பயணிக்கும். கொல்கத்தாவின் டாங்ரா, தோப்சியா, தில்ஜலா பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைகளை இடம்பெயர்க்க உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டது; அவற்றுக்காக எழுந்த வளாகமோ ஈரநிலத்தை ஒட்டிய பான்தலாவில்தான். வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் தோன்றும் இடத்திலேயே பிரிக்காமல், குளம் எல்லாவற்றையும் செரித்துவிடும் என்று நம்புவது அறிவியல் ஆகாது.

இது மலிவான உழைப்பில் நிற்கும் அமைப்பு, அதைப் போற்றுவது வறுமையைப் போற்றுவதாகும் என்பது இரண்டாவது மறுப்பு. உழைப்பு மலிவாக இருப்பது உண்மை. அதற்குத் தீர்வு குளத்தை மூடுவதன்று. நகரம் பெறும் சேவைக்கு விலை கொடுப்பது. இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மின்சாரத்துக்கும் ஊழியருக்கும் மாநகராட்சி செலவிடத்தானே வேண்டும்?

6. பரப்பும் ஓட்டமும்

சட்டத்தின் பாதுகாப்பு படிப்படியாக வந்தது. நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு எதிராக ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992இல் ஈரநிலத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2002இல் 12,500 எக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற வகையில், ராம்சர் தளமாயிற்று. 2006இல் மாநிலச் சட்டமும் மேலாண்மை ஆணையமும் வந்தன. இவற்றின் மையம் நிலப்பயன்பாட்டுக் கட்டுப்பாடு. ஆனால் குளத்தின் உயிர் மதகில் இருக்கிறது. மழைக்காலத்தில் நகரில் நீர் தேங்காதிருக்க, கால்வாய் மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது வடிகால் நிர்வாகத்தின் தேவை. குளத்துக்குள் நீர் ஏற, மட்டம் உயர்ந்திருக்க வேண்டும் என்பது மீன்வளர்ப்போரின் தேவை. கால்வாய் தூர்ந்தால் இரண்டும் கெடும். வரைபடத்தில் நீலமாகவே நீடித்து, கழிவுநீர் வரத்து இழந்த குளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதாகவும் சூழலியல்படி செயலிழந்ததாகவும் இருக்கும்.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமானது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எழுந்தது அச்சதுப்புநிலத்தின் பரப்பிலேதான். நகரின் ஊட்டம் அங்கேயும் வந்து குவிகிறது. அதை அறுவடையாக வெளியேற்றும் தொழில் கொல்கத்தா அளவில் அங்கே உருவாகவில்லை. கொல்கத்தாவை அப்படியே நகலெடுக்க முடியாது. நில அமைப்பும் நீரியலும் வேறு. ஆனால் எவ்வளவு ஊட்டம் வருகிறது, எவ்வழியில் போகிறது, அந்த வேலையைச் செய்பவர் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகள் இரு இடத்துக்கும் பொது. ஈரநிலங்களின் ஆண்டறிக்கைகளில் எக்டேர் கணக்கோடு, உள்வரும் நீரின் அளவும், அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், கன உலோகங்களின் அளவும், அங்கே பிழைப்பவர்களின் வருமானமும் சேர்த்துப் பதிவு செய்யப்பட வேண்டும்.