உரிமம் இல்லாமல் பிழைத்த இசை

அமெரிக்க நாட்டுப்புற இசையின் தொடக்ககாலப் பதிவுகளுள் கணிசமான பகுதி, அவற்றைப் பதிவுசெய்து விற்ற நிறுவனங்கள் கைகழுவிய பிறகு, அந்நிறுவனங்களின் இசைவைப் பெறாமலேயே நகலெடுத்துப் பரப்பிய சில தனிமனிதர்களின் பிடிவாதத்தால் பிழைத்தது. உரிமையாளரின் அனுமதியின்றி வெளியாகும் இசைத்தட்டை அமெரிக்கர்கள் பூட்லெக், அதாவது கள்ளப் பதிப்பு, என்பர். சட்டத்தின் பார்வையில் குற்றமாகவோ குற்றத்தை ஒட்டியதாகவோ இருந்த இவ்வழக்கம் இல்லாதிருந்தால், அந்நாட்டு இசை வரலாற்றின் முதன்மையான ஏடுகள் சில நமக்குக் கிடைத்திருக்கமாட்டா.

இப்பாடல்கள் தட்டில் ஏறியதற்கு வணிகமே காரணம். 1923 ஜூன் மாதம் ஓக்கே நிறுவனத்தின் சார்பில் அட்லாண்டா சென்ற ரால்ஃப் பியர், உள்ளூர் வணிகர் போல்க் பிராக்மனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஜான் கார்சன் என்ற வயலின் கலைஞரைப் பாடவைத்துப் பதிவுசெய்தார். கார்சனின் குரல் பியருக்குச் சற்றும் பிடிக்கவில்லையெனினும், பிராக்மன் கேட்டு வாங்கிய 500 தட்டுகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. மலைநாட்டு மக்கள் தங்கள் வீட்டுத் திண்ணைப் பாட்டையும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு விளங்கியது. பின்னர் விக்டர் நிறுவனத்துடன் சேர்ந்த பியர், டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவே ஓடும் பிரிஸ்டல் நகரில், தொப்பி நிறுவனம் ஒன்றின் பழைய கட்டடத்தைப் பிடித்து, எதிரொலியை அடக்கச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பதிவு நடத்தினார். பாடலின் ஒலியதிர்வை மின்கருவி ஊசிமுனைக்குக் கடத்த, அம்முனை சுழலும் தடித்த மெழுகுத் தட்டில் சுருள்வடிவத் தடத்தைச் செதுக்கியது. தட்டின் வேகம் மாறினால் சுருதி மாறிவிடும் என்பதால், உயரத்திலிருந்து மெல்ல இறங்கும் எடைக்குண்டின் இழுவையே அதைச் சீராகச் சுழற்றியது. மெழுகைப் போட்டுக் கேட்டால் தடம் கெட்டுவிடும். ஆகவே பாடியவர் தம் குரலைக் கேட்க, அது தொழிற்சாலைக்குப் போய் உலோக அச்சாக மாறித் தட்டாகத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரு வாரங்களில் 19 குழுவினர் பாடிய 76 பாடல்களில் கார்ட்டர் குடும்பத்தாரின் முதற்பதிவுகளும் ஜிம்மி ராட்ஜர்ஸின் முதற்பதிவுகளும் அடங்கும்.

அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் பாடலுக்கு 50 டாலர் அளவில் இருந்தது. பாடல்களின் பதிப்புரிமை, அதாவது பிறர் அவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் பணம் பெறும் உரிமை, பியரின் கைக்குப் போனது. விக்டர் நிறுவனத்திடம் சம்பளம் வேண்டாம், இவ்வுரிமையே போதும் என்று அவர் செய்துகொண்ட ஏற்பாடு அவரைப் பெருஞ்செல்வராக்கியது. பின்வந்த கள்ளப் பதிப்பாளர்களை எடைபோடும் எவரும், கலைஞனின் உரிமை முதலில் கைமாறியது சட்டப்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில்தான் என்பதை மறக்கலாகாது.

கருப்பினத்தவர் பாடியவற்றை நிறுவனங்கள் ‘இனத் தட்டுகள்’ என்ற தனி வரிசையில் விற்றன. இவ்வகையில் பேர்பெற்ற பாராமவுண்ட், விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் கிளை நிறுவனம்; கிராமபோன் பெட்டி செய்தவர்கள் அதில் போடத் தட்டும் வேண்டுமே என்று தொடங்கிய வணிகம் அது. சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகிய மிசிசிப்பி புளூஸ் பாடகர்கள், கிராஃப்டன் என்னும் சிற்றூரில் இருந்த அதன் கூடத்தில் பாடினர். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் வாங்குவோர் கையைக் கட்டிப்போட, 1930களின் நடுவில் நிறுவனம் மூடப்பட்டது. உலோக அச்சுகளில் பெரும்பாலானவை அழிந்தன. எஞ்சியவை வாங்கியவர் வீட்டில் தேயத்தேய ஓடிய தட்டுகள் மட்டுமே. வில்லி பிரவுன் பாடி 13099 என்ற எண்ணுடன் வெளிவந்த தட்டின் ஒரு பிரதிகூட இன்றுவரை அகப்படவில்லை.

அழிவுக்குப் போரும் துணைநின்றது. அக்காலத் தட்டின் பிசின், மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் அரக்கு; அதன் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கப்பலேறியது. 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்ததும், பழைய தட்டுகளை அரைத்துப் புதியன வார்ப்பதற்காகச் சேகரிப்பு இயக்கங்கள் நடந்தன. வணிகர்கள் பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிட்ட அந்த ஆண்டுகளில்தான், மேற்குக் கரையில் வளர்ந்த ஹாரி ஸ்மித் என்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் தட்டுகளை வாங்கிக் குவித்தார். வணிகத் தட்டுகளிலும் உண்மையான நாட்டுப்பாடல் உண்டு என்று கண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் தொகுத்திருந்த பட்டியலும் அவருக்கு வழிகாட்டியது.

பணமுடையால் சேகரிப்பை விற்கவந்த ஸ்மித்திடம், ஃபோக்வேஸ் நிறுவனத்தின் மோசஸ் ஆஷ், விற்பதைவிட ஒரு தொகுப்பாக்கித் தருமாறு சொன்னார். 1952இல் ஆறு நெடுநேரத் தட்டுகளில் 84 பாடல்களுடன் வெளிவந்த ‘அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு’ அவ்வாறு பிறந்தது. அதிலிருந்த பதிவுகள் பலவற்றின் உரிமையாளர்களான விக்டர், கொலம்பியா நிறுவனங்களிடம் முறையான அனுமதி பெறப்படவில்லை; நோக்கத்தில் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது கள்ளப் பதிப்பே. கதைப்பாடல்கள், கூடிக்களிக்கும் இசை, பாடல்கள் என மூன்றாகப் பகுத்த ஸ்மித், பாடியவர் எந்த இனத்தவர் என்பதை எங்கும் குறிக்கவில்லை. நிறுவனங்கள் இரு வரிசைகளாகப் பிரித்து விற்ற குரல்களை அவர் ஒரே வரிசையில் அமர்த்தினார். அத்தொகுப்பின் ஆகச் சிறந்த செயல் இதுவே. ஆய்வு நூல்கள் பல சேர்ந்தும் செய்யாததை அம்மௌனம் செய்தது.

அதே காலத்தில் ஜாலி ராஜர் என்ற வணிகப் பெயரில் பழைய ஜாஸ், புளூஸ் பதிவுகளை நகலெடுத்து விற்ற ஒருவர் மீது கொலம்பியா நிறுவனமும் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் வழக்குத் தொடுத்தனர்; அவ்வணிகம் முடிவுக்கு வந்தது. அவருடைய தட்டுகள் விக்டர் நிறுவனத்தின் ஆலையிலேயே வார்க்கப்பட்டவை என்பதும், அவற்றுள் விக்டருக்குச் சொந்தமான பதிவுகளும் இருந்தன என்பதும் தெரியவந்தபோது, பெருநிறுவனங்கள் தம் பழஞ்சொத்தை எந்த அளவுக்கு மறந்திருந்தன என்பது வெளிப்பட்டது.

ஃபோக்வேஸ் தொகுப்பு விற்பனையில் பெரிதாக ஓடவில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1962இல் வந்த பாப் டிலனின் முதல் இசைத்தட்டில் அத்தொகுப்பிலிருந்த பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் பாடல் இடம்பெற்றது. 1928இல் ஓக்கே நிறுவனத்துக்குப் பாடிவிட்டு ஊர் திரும்பிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் இரு பாடல்கள் அதில் இருந்தன; இன்னொரு பாட்டில் அவர் தம் ஊர் ஆவலான் என்று பாடியிருந்ததைத் துப்பாகக் கொண்டு, இசை ஆர்வலர் டாம் ஹாஸ்கின்ஸ் 1963இல் அவரைத் தேடிப்பிடித்தார். அவ்வாண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடிய ஹர்ட், 1966இல் இறக்கும்வரை பெருங்கூட்டங்களுக்குப் பாடினார்.

1960இல் பில் கிவன்ஸ், பீட் வீலன் என்ற சேகரிப்பாளர் இருவர் தொடங்கிய ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி, சார்லி பாட்டனின் தட்டுகளை முதல் வெளியீடாகத் தந்தது. அதற்கும் உரிமம் ஏதும் இல்லை. இத்தகையோரின் கைவேலை தனியே பேசத்தக்கது. கனத்த இரும்பு முள் பல ஆண்டுகள் உழுத தடத்தில் ஒலி ஓர் ஆழத்தில் அழிந்து, அதற்கு மேலோ கீழோ பிழைத்திருக்கும். வெவ்வேறு பருமனுள்ள முட்களை மாற்றிமாற்றி வைத்து, சிதையாத சுவரைத் தொடும் முள்ளைக் கண்டபின்பே நகலெடுப்பார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவுக்கே என்பதால், சரியான வேகத்தையும் காதால் கணிக்க வேண்டியிருந்தது. மையச்சீட்டின் ஓரத்தில் பொறித்த எண்களைப் படித்து, பதிவான நாளையும் எத்தனையாவது முயற்சி என்பதையும் வரிசைப்படுத்தியவர்களும் இவர்களே.

பழைய தட்டுகளால் வளர்ந்த தலைமுறையின் இசையும் பின்னர் இதே வழியில் வெளியேறியது. டிலன் 1961இல் மினியாபொலிஸில் பாடிய நாட்டுப்பாடல்களும் 1967இல் நண்பர்களுடன் பதிந்த சில பாடல்களும் ஒலிநாடா வழியாகக் கசிந்து, 1969இல் பெயரற்ற வெள்ளை உறையிட்ட இரட்டைத் தட்டாக லாஸ் ஏஞ்சலஸில் விற்பனைக்கு வந்தன. ஒலிப்பதிவுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் பதிப்புரிமைக் காப்பு கிடைத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் மாநிலச் சட்டங்களின் கலங்கலான பொறுப்பில் விடப்பட்டிருந்தன.

கள்ளப் பதிப்பாளர்கள் பாடகர்களுக்குப் பணம் கொடுத்ததும் அரிது என்பதால், அவர்களை வள்ளல்களாக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாக்கும் கடமையை உரிமையோடு பிணைக்காத சட்டமே இங்கு முதற்குற்றவாளி. வெளியிடவும் மாட்டோம், பிறர் வெளியிடவும் விடமாட்டோம் என்ற நிலையை அது அரைநூற்றாண்டு அனுமதித்தது. ஃபோக்வேஸ் நிறுவனம் 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் சென்றபின், 1997இல் அத்தொகுப்பு முறையாக மறுபதிப்புக் கண்டது; 2005இல் நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. பிரிஸ்டல் பதிவுகள் அப்பட்டியலின் முதல் வரிசையிலேயே, 2002இல், இடம்பெற்றிருந்தன. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 1923க்கு முன் வெளியான பதிவுகள் அனைத்தும் 2022இல் பொதுவுடைமையாயின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு நூறாண்டுக் காப்பு உண்டு. 1927இல் வெளிவந்த கார்ட்டர் குடும்பத்துத் தட்டுகளை 2028 ஜனவரி 1 முதல் எவரும் யாரையும் கேளாமல் நகலெடுக்கலாம்.