கட்டிடக்கலை மாணவர் ஆய்வு

கட்டிடக்கலை மாணவர் ஆய்வு என்பது, கட்டிடக்கலை பயிலும் மாணவர்கள் தமது பாடத்திட்டத்தின் பகுதியாகவோ பட்டத்திற்கான ஆய்வேடாகவோ மேற்கொள்ளும் ஆய்வைக் குறிக்கும். கட்டிட வடிவமைப்பு, கட்டிடக்கலை வரலாறு, கட்டிடக்கலைக் கல்வி ஆகியன இதன் முதன்மைத் துறைகளாகும். பயிற்சிக்காகச் செய்யப்படுவதாயினும், ஒரு கட்டிடம் எரிந்தோ இடிக்கப்பட்டோ போன பின்னர் அதைப் பற்றி எஞ்சியிருக்கும் நம்பகமான சான்று சில வேளைகளில் மாணவர் வரைந்த வரைபடமாகவே இருப்பதுண்டு. இதனால், இவ்வாய்வுகள் மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட ஆவண மதிப்பு உடையவை.

ஆய்வின் வகைகள்

வடிவமைப்பு ஆய்வில், ஓர் இடத்தின் தட்பவெப்பம், கட்டுமானப் பொருள், மக்களின் பயன்பாடு முதலியவற்றை ஆராய்ந்து, அவற்றின் அடிப்படையில் புதிய கட்டிடம் ஒன்று முன்மொழியப்படுகின்றது. வரலாற்று ஆய்வில், இருக்கும் கட்டிடம் எக்காலத்தது, எவ்வாறு கட்டப்பட்டது, பின்னர் எங்கெங்கு மாற்றப்பட்டது என்பன ஆராயப்படுகின்றன. கல்வி ஆய்வு இக்கலை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை எடுத்துக்கொள்கிறது. சிற்பிகளின் குருகுல முறை, கல்லூரியின் வடிவமைப்புக் கூடம் ஆகிய இரண்டையும் ஒப்பிடுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

தென்னிந்தியக் கட்டிடக்கலையைப் பற்றிய தொடக்ககால நூல்களுள் ஒன்று, தஞ்சாவூரில் பிறந்த ராம்ராசு எழுதியதாகும். இது அவரது மறைவுக்குப் பின் 1834 ஆம் ஆண்டில் இலண்டனில் அரச ஆசியச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. சிற்பநூல்களிலுள்ள கலைச்சொற்களின் பொருளை ஏட்டைக் கொண்டு மட்டும் அறிய முடியாத நிலையில், அவர் தொழில்புரியும் தபதி ஒருவரின் உதவியை நாடினார். நூலறிவும் தொழிலறிவும் இணைந்தால்தான் இவ்வாய்வு நிறைவுறும் என்பதற்கு இது முன்னோடியாக அமைந்தது.

அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான ழுவோ துப்ராய், தென்னிந்தியத் தொல்லியல் குறித்த தமது ஆய்வை 1914 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தையும் அதன் உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டு கணிக்கலாம் என்பது இவரது அணுகுமுறையாகும். தூணின் மேலமைந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பல்லவர் காலத்தில் வளைந்தும், சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டும், விசயநகர காலத்தில் பூ மொட்டுப் போல் தொங்கியும் போதிகை மாறி வந்துள்ளது. தமிழகக் கோயில்களை ஆராயும் மாணவர்கள் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

ஐரோப்பாவில், பிரான்சின் ரோமப் பரிசு பெற்ற கட்டிடக்கலை மாணவர்கள் ரோம் நகரில் தங்கி, பழைய இடிபாடுகளை அளந்து வரைந்து பாரிசுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1933 ஆம் ஆண்டில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த கட்டிடக்கலைஞர்களைக் கொண்டு வரலாற்றுக் கட்டிடங்களை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் இத்திட்டத்தின் கோடைகாலப் பணிகளை மாணவர் குழுக்கள் மேற்கொண்டன. அவர்கள் வரைந்த படங்கள் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு சேமிக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில் கட்டிடக்கலைக் கல்வி

தமிழ்நாட்டில் தற்காலக் கட்டிடக்கலைக் கல்வியும் மரபுவழிக் கட்டிடக்கலைக் கல்வியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிறுவன வடிவம் பெற்றன. 1957 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலைத் துறை தொடங்கப்பட்டது. இது பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக வளர்ந்தது. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. இது பின்னர் அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாயிற்று. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டிடக்கலைத் துறை இயங்குகிறது.

இந்தியாவில் இக்கல்வியை 1972 ஆம் ஆண்டின் கட்டிடக்கலைஞர் சட்டப்படி அமைந்த கட்டிடக்கலை மன்றம் நெறிப்படுத்துகிறது. இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகளைக் கொண்டது. இறுதியாண்டில் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்றை அளிப்பர். இந்தியக் கட்டிடக்கலை மாணவர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளுள், வரலாற்றுச் சிறப்புடைய இடங்களை ஆவணப்படுத்துவதற்காக லூயி கானின் பெயரால் வழங்கப்படும் சுழற்கோப்பையும் ஒன்றாகும்.

அளந்து வரைதல்

வரலாற்று ஆய்வின் அடிப்படை அளந்து வரைதல் ஆகும். இதில் கட்டிடத்தின் தளப்படம், வெட்டுமுகம், முகப்புத் தோற்றம் ஆகியன வழக்கமாக 1:100 அல்லது 1:50 என்ற அளவுத் திட்டத்தில் வரையப்படுகின்றன. இதற்கு அளவு நாடா, தூக்குக்குண்டு, இரசமட்டம், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகு குழாய் ஆகிய எளிய கருவிகளே போதுமானவை. குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால், சுவரின் இரு பக்கங்களிலும் தரைமட்டத்தை ஒப்பிட முடிகின்றது.

அளக்கும்போது இரண்டு விதிகள் பின்பற்றப்படுகின்றன.

முதலாவது, ஒவ்வொரு சன்னலையும் தூணையும் தனித்தனியே அளந்து கூட்டாமல், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடர்ச்சியாக அளக்க வேண்டும். தனித்தனி அளவுகளைக் கூட்டும்போது சிறு பிழைகளும் சேர்ந்து பெரும் பிழையாகிவிடும்.

இரண்டாவது, அறையின் பக்கங்களுடன் மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் கொண்ட அறை சரியான செவ்வகமாயின் அதன் மூலைவிட்டம் 5 மீட்டராக இருக்கும். அவ்வாறு இல்லையெனில் அறை கோணலாக உள்ளது என்பது பொருள். அக்கோணல் கட்டியபோதே நேர்ந்ததா, பின்னர் சுவர் நகர்ந்ததால் ஏற்பட்டதா என்பது ஆய்வுக்குரிய வினாவாகும்.

தற்காலத்தில் லேசர் வருடிகளும், ஒளிப்படங்களைக் கொண்டு அளவெடுக்கும் முறையும் பயன்படுகின்றன. இவை விரைவானவை, நுட்பமானவை. எனினும் எது பழைய சுவர், எது பிற்காலத்தில் அடைக்கப்பட்ட வாயில் என்பதைக் கருவி கூறாது. கையால் அளந்து வரைபவர் ஒவ்வோர் இணைப்பையும் கண்டு பொருள் கொள்ள வேண்டியுள்ளது. கல்லூரிகளில் இப்பயிற்சி தொடர்வதற்கு இது முதன்மையான காரணமாகும்.

அரியலூர் வட்டாரமும் ஏலாக்குறிச்சியும்

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியை உள்ளடக்கிய அரியலூர் மாவட்டம், இத்தகைய ஆய்வுக்குரிய பல காலக் கட்டிடங்களைக் கொண்டுள்ளது. கீழையூரில் பழுவேட்டரையர் கால இரட்டைக் கோயில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1836 ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இக்கோயில் வளாகத்தின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன. அதற்கு முன் அக்கற்களின் இருப்பிடம் அளந்து குறிக்கப்பட்டிருந்தால், அழிந்த பகுதிகளின் அமைப்பை இன்று உறுதியாகக் கூற இயன்றிருக்கும்.

ஏலாக்குறிச்சி, இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவருடன் (1680–1747) தொடர்புடைய ஊராகும். அவர் இவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். இங்குள்ள அடைக்கல அன்னை ஆலயத்தைப் பொருளாகக் கொண்டு திருக்காவலூர்க் கலம்பகத்தை இயற்றினார். கிறித்தவ சமயம் கற்பிக்கும் வேதியர்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். எனவே கட்டிடம், வரலாறு, கல்வி ஆகிய மூன்று நோக்கிலும் இவ்வூரை ஆராயலாம்.

அரியலூரை ஆண்ட மழவராயர் ஒருவரின் நோயை வீரமாமுனிவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாக ஆலயத்திற்கு நிலம் வழங்கப்பட்டது என்றும் மரபுவழியாகக் கூறப்படுகிறது. இத்தகைய செய்தியைக் கல்வெட்டு, நிலப் பதிவேடு, திருச்சபை ஆவணங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுவது வரலாற்று மாணவரின் பணியாகும். கட்டிடக்கலை மாணவர் அத்துடன் சுவரின் தடிமன், செங்கல்லின் அளவு, சாந்தின் வகை ஆகியவற்றைக் குறித்து, வழிபாடு தொடரும் ஆலயத்தில் எப்பகுதி எக்காலத்தது என்று பிரித்தறிய முயல்வார்.

இம்மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மிகுதி. பழைய கட்டிடங்களோ சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பழுதுபார்ப்பே கட்டிடத்திற்குக் கேடாக முடிவதை மாணவர் ஆய்வுகள் ஊர்மக்களுக்கு எடுத்துக்காட்ட முடியும்.

பயன்பாடு

மாணவர் ஆய்வின் பயனுக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பாரிசு நோத்ரு தாம் பேராலயம் ஆகும். ரெமி புரோமோன், செத்ரிக் திரந்தெசோ ஆகிய இருவர் 2014 ஆம் ஆண்டில், மரபுச்சின்னப் பாதுகாப்பைக் கற்பிக்கும் சயோ பள்ளியில் பயின்றபோது, அப்பேராலயத்தின் இடைக்கால மரக்கூரைச் சட்டகத்தை அளந்து வரைந்தனர். 2019 ஏப்ரல் 15 இல் ஏற்பட்ட தீயில் அச்சட்டகம் முற்றாக எரிந்தது. அதை மீண்டும் கருவாலி மரத்தில் அமைத்தபோது அவர்களது வரைபடங்கள் அடிப்படையாகப் பயன்பட்டன. புரோமோன் மறுசீரமைப்புப் பணியின் கட்டிடக்கலைஞர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

குறைபாடுகள்

ஆய்வேடு மதிப்பீடு முடிந்தபின் பெரும்பாலும் கல்லூரி நூலகத்திலேயே தங்கிவிடுகிறது. ஆய்வு செய்யப்பட்ட ஊருக்கோ கட்டிடத்தின் உரிமையாளருக்கோ அதன் படி கிடைப்பது அரிது. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதும், தபதிகளும் கொத்தனார்களும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் அவற்றில் இடம்பெறாது போவதும் மற்றொரு குறையாகும். அளந்த நாள், பயன்படுத்திய கருவி, அளக்க இயலாத பகுதி ஆகியவற்றை வரைபடத்திலேயே குறித்து, ஒரு படியை அவ்வூரின் நூலகத்திலோ கோயில், ஆலய அலுவலகத்திலோ வைப்பது இக்குறைகளைக் குறைக்கும் எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஏலாக்குறிச்சி
- வீரமாமுனிவர்
- கங்கைகொண்ட சோழபுரம்
- திராவிடக் கட்டிடக்கலை