கரையோர வேடரும் மொழிப்பதிவுக் கலையும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாகரையையும் கடந்து வெருகலை நோக்கிச் செல்லும் வழியிற் கடலை அடுத்து அமைந்த ஊர் கதிரவெளி. அப்பகுதியில் மீன்பிடித்தும் சேனைப்பயிர் செய்தும் வாழும் மக்களுள் கரையோர வேடர் ஒரு சாரார். இல்லத்திலும் வெளியிலும் அவர்கள் பேசுவது தமிழே. ஆயினும், சடங்குக் காலத்தில் தெய்வம் ஏறி ஆடுவோர் வாயில், தமிழோடு விரவி வேட மொழிச் சொற்கள் சில வெளிப்படுவதுண்டு. அடுக்களையை விட்டு நீங்கிய மொழி வழிபாட்டுக் களரியில் ஒதுங்கி நிற்கிறது எனலாம்.

1907, 1908 ஆம் ஆண்டுகளில் சார்ல்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் வேடரிடையே ஆய்வு நிகழ்த்தினர். 1911 இல் வெளிவந்த அவர்தம் நூலிற் கரையோர வேடரைப் பற்றிய பகுதியும் உண்டு. வேடர் பாடல்கள் சிலவற்றை அவர்கள் மெழுகு உருளைகளிற் பதிந்தனர். பாட்டு நமக்குக் கிடைத்தது. ஆனால் தாய் பிள்ளையை அழைப்பதும், வேட்டைக்குப் போனோர் தம்முள் உரையாடுவதும் அவ்வாறு கிடைக்கவில்லை. உள்நாட்டு வேடர் மொழியை ஆராய்ந்து சுகதபால டி சில்வா நூல் வெளியிட்டது 1972 இலேயே. அதற்குள் அம்மொழி சிங்களத்தோடு பெரிதும் கலந்துவிட்டது.

இதே மாவட்டத்தில் மற்றொரு மொழிக்குச் சற்று நல்ல காலம் வாய்த்தது. மட்டக்களப்புப் பறங்கியர் பேசிவந்த போர்த்துக்கேயக் கலப்பு மொழியை 1970களில் இயன் சிமித் ஆராய்ந்தார். இந்நூற்றாண்டில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஊகோ கார்டோசோ குழுவினர், அம்மக்களின் பேச்சையும் கதையையும் பாட்டையும் ஒலியாகவும் காணொளியாகவும் பதிந்து ஆவணக் காப்பகத்திற் சேர்த்தனர். பேசுவோர் இருக்கும்போதே செய்த பணி அது.

இவ்விரு வரலாறுகளும் மொழியியல் மாணவருக்குப் பாடமாகும். “தேனுக்கு என்ன பெயர்?” என்று கேட்டால் ஒரு சொல் மட்டுமே கிட்டும். “தேன் எடுத்த கதையைச் சொல்லுங்கள், ஐயா” என்று கேட்டு வாளாவிருந்தால் வினையும் வேற்றுமையும், சிரிப்பும் தயக்கமும் ஒருங்கே கிட்டும். பதிந்ததை ஒலிக்குறியில் எழுதுதல், சொல்லுக்குச் சொல் பொருள் காணுதல், பேசியவர் யார், எவ்விடம், எந்நாள் எனக் குறித்தல் ஆகியவை அடுத்த படிகள். இவை யாவற்றிற்கும் முற்பட்டது, பேசுவோரின் இசைவு. சடங்கில் எழும் சொல் புனிதமானது. பதியலாமா, எவர் கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அச்சமூகத்திற்கே உண்டு. பதிவின் படியொன்று அவர்கள் கையிற் சேர்தலும் வேண்டும்.

1981 இல் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986 இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. செலிக்மன் தம்பதியர் கப்பலேறி வரவேண்டியிருந்தது. இன்றைய மாணவருக்கோ கதிரவெளி பேருந்து செல்லும் தூரந்தான். அங்குள்ள மூத்தோர் பேசுவதும் இம்மாணவர் அறிந்த தமிழே. இந்த அண்மையும் இந்த மொழியுறவும் அயல்நாட்டு அறிஞர் எவர்க்கும் வாய்க்காதவை. மூத்தோர் மறையுமுன் அவற்றைப் பயன்கொள்ளுதல் நம்மவர் கடனாகும்.